முன்மொழிந்தவர் அய்யலுசாமி

பேனாவைக் கீழே வையுங்கள் அண்ணாச்சி. எழுதுவதற்கு முன்னால் விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வரியில் முடிகிற மனு இல்லை இது. இந்த ஒன்றிய அலுவலக வாசலில் நாலு பேர் மனு எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள். மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்ததும் "முதியோர் பென்ஷனா?" என்று கேட்டார்கள். என்னைப் பார்த்தால் பென்ஷன் கேட்டு வந்தவன் மாதிரியா இருக்கிறது? நீங்கள் ஒருத்தர்தான் "உக்காருங்க" என்று சொன்னீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எங்கள் ஓடைக்கரைப்பட்டி கிராமசபைத் தீர்மானப் புத்தகத்தில், அக்டோபர் இரண்டாம் தேதிப் பக்கத்தில், 'முன்மொழிந்தவர்' என்று போட்டு என் பெயரை எழுதியிருக்கிறார்கள். அதை அடிக்க வேண்டும். சிவப்பு மையில் ஒரு கோடு. அந்தக் கோட்டை நான் ஒரு ஆளிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காட்டினால்தான் எனக்கு அரசியலில் வாழ்வு.

என்ன தீர்மானம் என்று கேட்கிறீர்கள். பள்ளிக்கூடத்துக் கக்கூஸைத் திறக்கிற தீர்மானம். சிரிக்காதீர்கள். எனக்கு அந்த வார்த்தையைச் சொல்லவே அருவருப்பாக இருக்கிறது. அறுபத்திரண்டு வயதில் என் பெயர் எதனோடு சேர்ந்து கிடக்கிறது பாருங்கள்.

எல்லாம் அந்த டீச்சரால் வந்தது. ஜெபசீலி டீச்சர். டவுனிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள், தலையில் ஹெல்மெட்டோடு. ஒன்றாவது முதல் ஐந்தாவது வரை முப்பத்தொரு பிள்ளைகள், ஒரு ஹெட்மாஸ்டர், இவள். ஹெட்மாஸ்டர் பாவம், ரிட்டயர்டாகப் போகிறவர், வாயைத் திறக்க மாட்டார். இவள் வந்ததிலிருந்து பிள்ளைகளுக்கு ஓட்டு என்றால் என்ன, ஊராட்சி என்றால் என்ன, கிராமசபை என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். சின்னப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்? ஆனா ஆவன்னா, வாய்ப்பாடு, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பது. நான் மூன்றாவதோடு நின்றவன். எனக்கு எவனும் அரசாங்கம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்கவில்லை. நான் ஊரை நடத்தவில்லையா? மூக்கு ஒழுகுகிற வயதில் அரசியலா? செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, அதுதான் ஓட்டுப்பெட்டி என்று வைத்து, விரலில் நீலக் கலர் ஸ்கெட்ச் பேனாவால் கோடு இழுத்து, பிள்ளைகளுக்கு ஒரு தேர்தல் நடத்தினாள் அண்ணாச்சி. முனீஸ்வரி என்று ஐந்தாவது படிக்கிற ஒரு பெண் பிள்ளை ஜெயித்து, அவள் வகுப்புக்குத் தலைவராம். தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போகிறவளின் மகள். அவளுக்குத் தலைவர் பதவி. அன்றைக்கே அந்த டீச்சரைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

நான் யார் என்று சொல்லவில்லையே. ஊரில் என்னை எல்லோரும் பிரசிடெண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரி சீனியம்மாளை 'பிரசிடெண்டு வீட்டம்மா' என்பார்கள். ஓட்டில் ஜெயித்தது அவள்தான், அதை நான் மறைக்கவில்லை. தலைவர் பதவி பொதுவில் இருந்தபோது நான் இரண்டு தடவை நின்றேன். இரண்டு தடவையும் துரோகம் பண்ணிவிட்டார்கள். மூன்றாம் தடவை பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். இவளை நிறுத்தினேன். இருநூற்றுப் பதினாலு ஓட்டு வித்தியாசம். அத்தனையும் என் முகத்துக்கு விழுந்த ஓட்டு. அவளுக்கு ஊரில் யாரைத் தெரியும்? யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் சாவு என்றால் போய் நிற்பாள். அதற்கெல்லாமா ஓட்டுப் போடுவார்கள்?

சரி. ஜூலை மாதம் அந்த டீச்சர் ஆள் அனுப்பினாள். பாடத்தில் ஊராட்சி வருகிறது, தலைவர் வந்து பிள்ளைகளோடு பேச வேண்டும் என்று. நல்லதுதானே என்று நானும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். டீச்சர் என்னைப் பார்த்ததும் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று. அப்போதே நான் திரும்பியிருக்க வேண்டும்.

முன் வரிசையில் ஒரு பயல். பெயர் ரக்ஷன். அவன் தாத்தன் பெயர் மாடசாமி, அப்பன் பெயர் கருப்பசாமி, இவனுக்கு மட்டும் வாயில் நுழையாத ஒரு பெயர். அவன் எழுந்து கேட்கிறான்.

"தாத்தா, தலைவர் எப்ப வருவாங்க?"

"நான்தான்டா."

"இல்ல தாத்தா. பஞ்சாயத்து ஆபீஸ் போர்டுல சீனியம்மாள்னு போட்டிருக்கு. நேத்துத்தான் எல்லாரும் போயி எழுதிட்டு வந்தோம்." நோட்டை விரித்து என் மூக்குக்கு நேரே நீட்டுகிறான்.

"அவ வீட்டுல இருக்காடா. நான் அவ புருஷன். ரெண்டும் ஒண்ணுதான்."

பயல் கொஞ்சம் யோசித்தான். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினான்.

"டீச்சர், அப்ப நீங்க லீவு போட்டா உங்க வீட்டு சார் வந்து பாடம் நடத்துவாரா?"

வகுப்பே சிரித்தது. டீச்சராக இருக்கிறவள் என்ன செய்ய வேண்டும்? பிரம்பை எடுத்திருக்க வேண்டும். இவளும் சேர்ந்து சிரிக்கிறாள். "அவரு லாரி ஓட்டுறவருடா. அவரு வந்தா உங்களுக்கு ரிவர்ஸ் எடுக்கத்தான் சொல்லிக் குடுப்பாரு" என்கிறாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நான் எதையும் மறக்கிறவன் இல்லை. என்னை இரண்டு தடவை தோற்கடித்தவர்கள் யார் யார் என்று தெருவாரியாகச் சொல்வேன்.

அதோடு விட்டதா? அந்த முனீஸ்வரி எழுந்து நிற்கிறாள். கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாகத்தான்.

"தலைவர்கிட்டக் கேக்க ஒரு கேள்வி வச்சிருந்தோம் தாத்தா. நீங்க தலைவர் இல்லேன்னாலும் கேக்கலாமா?"

"கேளு."

"புதுக் கக்கூஸ எப்பத் திறப்பீங்க? நான் காலையில இருந்து தண்ணியே குடிக்க மாட்டேன் தாத்தா. குடிச்சா ஓடைக்குப் போகணும். அங்க ஆளுக நிக்கிறாங்க. மூணாப்பு மகேஸ்வரிக்கு அதனாலயே வயித்து வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனா."

எப்படி இருக்கிறது பாருங்கள் அண்ணாச்சி! ஒரு பெண் பிள்ளை. பத்து வயது ஆகவில்லை. ஒரு ஆம்பளையிடம், நாலு பேர் நடுவில், இதைப் போய்ப் பேசுகிறாள். கூச்சம் வேண்டாமா? இதுதான் பாடமா? 'உங்கள் ஊரின் தேவைகள்' என்று போர்டில் எழுதி, முதலாவதாக அதைத்தான் எழுதியிருந்தாள் டீச்சர்.

அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது நான் கொண்டுவந்தது. நடையாய் நடந்து கொண்டுவந்தேன். சுவரெல்லாம் டைல்ஸ். உள்ளே குழாய், வெளியே குழாய். கட்டி முடித்துப் பதினோரு மாதம். ஒரு கால் படவில்லை. அவ்வளவு சுத்தமாகப் பூட்டி வைத்திருந்தேன். ஏன் திறக்கவில்லை என்றால், திறந்து வைக்க ஒரு ஆள் வர வேண்டும். எங்கள் கட்சி ஒன்றியச் செயலாளர். ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், ஒன்றியம் என்றுதான் சொல்வோம். ஒன்றியம் நாலு தடவை தேதி கொடுத்தார். ஒரு தடவை கல்யாண வீடு, ஒரு தடவை சாவு வீட்டில் துஷ்டி கேட்கப் போய்விட்டார், ஒரு தடவை கால் பிசகிவிட்டது. ஒரு தடவை மறந்துவிட்டார். பெரிய மனுஷனுக்கு ஆயிரம் வேலை. நாம்தான் பொறுக்க வேண்டும். அடுத்த தேர்தலில் ஒன்றியக் கவுன்சிலர் சீட்டு எனக்கு என்று வாயால் சொல்லியிருந்தார். பொது வார்டு. இவள் இல்லாமல், நானே நிற்கலாம்.

கல்வெட்டுகூட வெட்டியாகிவிட்டது. கருங்கல், கண்ணாடி மாதிரி பாலிஷ். மேலே ஒன்றியத்தின் பெயர். அடுத்து 'முன்னிலை' என்று போட்டு என் பெயர். சீனியம்மாள் பெயருக்கு இடம் போதவில்லை.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்ல முடியுமா? "வரும், வரும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நேராக வட்டாரக் கல்வி அலுவலரிடம் போய் அந்த டீச்சரைப் பற்றிச் சொன்னேன். அந்த மனுஷன் புத்தகத்தை எடுத்துக் காட்டி, "பாடத்தில் இருக்கிறதைத்தானே நடத்துகிறார்கள்" என்கிறார். பார்த்தேன். படத்தில் ஒரு பொம்பளை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், முன்னால் மேஜை. பக்கத்தில் ஆம்பளையே இல்லை. எந்த ஊரில் அண்ணாச்சி அப்படி? பிள்ளைகளுக்குப் பொய்யைப் படமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் பிள்ளைகள் ஆறு பேர் என் வீட்டு வாசலில். முன்னால் முனீஸ்வரி, கையில் ஒரு கவர். தலைவர் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும் என்று கடிதம்.

"இங்க குடு" என்றேன்.

"தலைவர் கையிலதான் குடுக்கணும் தாத்தா. அப்படித்தான் தீர்மானம் போட்டிருக்கோம்."

தீர்மானம்! என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, எச்சில் தொட்டு ஒட்டிய கவரை வைத்துக்கொண்டு தீர்மானமாம். அதற்குள் சீனியம்மாள் மாவுக் கையோடு வெளியே வந்துவிட்டாள். "யாரு, தீப்பெட்டி ஆபீஸ் செல்வி மகளா? உள்ள வாங்க, முறுக்கு இருக்கு" என்கிறாள். கடிதத்தை வாங்கினாள். வாங்கிக்கொண்டதற்கு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டுமாம். கையைத் துடைத்துவிட்டு, சுவரில் நோட்டை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். அந்தப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு பையிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்தது. குடியரசு தினத்துக்கு ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த பிள்ளைகளுக்கு ஊராட்சியிலிருந்து கொடுத்தது. கண்ணாடித் தாள் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறது.

"பாட்டி, இதுல உங்க கையெழுத்து வேற மாதிரி இருக்கு. கீழ கோடு இருக்கு, ரெண்டு புள்ளி இருக்கு."

சீனியம்மாள் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். "நான் இதுல கையெழுத்தே போடலையே" என்றாள்.

நான் என்ன செய்ய? மூன்று வருஷமாக அவள் பெயரில் வருகிற எல்லாக் காகிதத்திலும் நான்தான் போடுகிறேன். ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஊராட்சிக் கிளார்க்குக்குத் தெரியும். எங்கள் பக்கம் பொம்பளை ஜெயித்த எல்லா ஊரிலும் இதுதான் நடைமுறை. சான்றிதழுக்கும் போட்டேன்.

"உள்ள போடி" என்றேன்.

அந்தப் பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்ப இது செல்லாதா பாட்டி? நான் நெசமாவே மொதல்ல வந்தேன்."

சீனியம்மாள் உள்ளே போகவில்லை. அந்தப் பிள்ளையின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். "நீ ஓடுனது நெசந்தான் தாயி. கையெழுத்துதான் பொய்" என்று சொல்லி, என் கையெழுத்துக்குக் கீழே அவள் பெயரை எழுதினாள். "நாளைக்கு எல்லாரையும் எடுத்துட்டு வரச் சொல்லு. நான் போட்டுத் தாரேன்."

பொய்யாம்! எத்தனை காகிதம் அண்ணாச்சி. சில நாள் நூறு, நூற்றைம்பது. கை வலிக்க வலிக்க அவள் பெயரை எழுதியிருக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "கை வலிக்குதா" என்று கேட்டிருப்பாளா? அவள் பெயரை அவளைவிட நான்தான் அழகாக எழுதுவேன். மறுநாள் வாசலில் பிள்ளைகள் வரிசை. இவள் ஒவ்வொன்றாகப் போடுகிறாள். கடைசியில் வந்த பிள்ளைக்கு என்னைவிட வேகமாகப் போட்டாள்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நூல் சேலையோடு, பக்கத்து வீட்டுக்குப் போகிற மாதிரி. பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்தாளாம். என்ன கேட்டாலும் "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்றேன்" என்றாளாம். ஆறு தடவை தெரியாது என்று சொன்னாள் என்று ரக்ஷன் பயல் எண்ணி வந்து என்னிடமே சொல்கிறான், சந்தோஷமாக. ஒரு தலைவர் தெரியாது என்று சொல்லலாமா? நான் ஒரு நாளும் சொன்னதில்லை. தெரியாதபோதுகூடச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "அந்தச் சாவியக் குடுங்க."

"ஒன்றியம் தேதி குடுக்கட்டும்."

"அந்தப் புள்ள காலையில இருந்து தண்ணி குடிக்கிறதில்லையாம்."

"நமக்கெல்லாம் யாரு கட்டிக் குடுத்தா? நம்ம காலத்துல கருவேலங்காட்டுக்குத்தான போனோம்?"

"நீங்க நெனச்ச நேரத்துக்குப் போனீங்க. நாங்க இருட்டட்டும்னு வயித்தப் பிடிச்சுட்டுக் கெடந்தோம்."

இப்படிப் பேச அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது? ஐந்தாம் வகுப்புப் பாடம். அன்றைக்கு என் வாய் மட்டும் பேசவில்லை. விடுங்கள், வீட்டுக்கு வீடு நடக்கிறதுதான். மறுநாள் அவள் வழக்கம்போலச் சோறு போட்டாள், கஞ்சி வைத்தாள். அடங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அக்டோபர் இரண்டு கிராமசபை. எங்கள் ஊர்க் கிராமசபை எப்படி நடக்கும் தெரியுமா? கிளார்க்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு நூறு நாள் வேலை நடக்கிற கண்மாய்க்கரைக்குப் போவான். அவரவர் கையெழுத்தோ ரேகையோ வைப்பார்கள். கிராமசபை முடிந்தது. ஒரு சத்தம் இருக்காது, ஒரு சண்டை இருக்காது. இந்தத் தடவை பிள்ளைகள் நோட்டுத் தாளைக் கிழித்து, 'அனைவரும் வாரீர்' என்று எழுதி, வீடு வீடாகப் போட்டிருக்கிறார்கள். பாடமாம். நேரில் பார்த்து வந்து எழுத வேண்டுமாம். பிள்ளை கூப்பிடுகிறது என்று தாய்மார்களும் வந்துவிட்டார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் நூற்று நாற்பது பேர். என் ஆயுளில் நான் பார்த்ததில்லை.

ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. ஒன்றில் இந்த ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி. இன்னொன்று நான் வழக்கமாக உட்காருவது. போய்ப் பார்க்கிறேன், சீனியம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் நகரவில்லை. அதிகாரி, "நீங்க யாரு?" என்றான். கிளார்க்கைப் பார்த்தேன். என் வீட்டில் எத்தனை நாள் கோழிக்குழம்பு தின்றவன், தரையைப் பார்க்கிறான். "தலைவரோட வீட்டுக்காரன்" என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. "சொந்தக்காரங்க எல்லாம் முன்னால போயி உக்காருங்க" என்றான் அதிகாரி.

ஜமுக்காளத்தில் உட்கார்ந்தேன் அண்ணாச்சி. மண்ணில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை, அந்தப் பிள்ளைகள் பக்கத்தில்தான் இடம் இருந்தது. முனீஸ்வரி நகர்ந்து இடம் விட்டாள்.

நடுவில் ஒருத்தன் தெருவிளக்கைப் பற்றி ஏதோ கேட்டான். "டேய், அதெல்லாம் ஆபீஸ்ல வந்து பேசு" என்று நான் சத்தம் போட்டேன். சீனியம்மாள் என்னைப் பார்க்கவேயில்லை. பொதுவாகச் சொல்கிறாள்: "பேசணும்னா கையத் தூக்குங்க."

முனீஸ்வரி என் காதருகே வந்து சொன்னாள், "ஆமா தாத்தா, சும்மா கத்தக்கூடாது. கையத் தூக்கிட்டு இருக்கணும். தலைவர் உங்களச் சொன்னதும் எந்திரிச்சுப் பேசலாம்." எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்! அவள் மூச்சில் கடலைமிட்டாய் வாசனை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு அந்த விஷயம் வந்தது. சீனியம்மாள் எழுந்து நின்றாள். "பள்ளிக்கூடத்துப் புதுக் கக்கூஸ் பதினோரு மாசமாப் பூட்டிக் கெடக்கு. அத இன்னைக்கே தொறந்து விடணும்னு ஒரு தீர்மானம். யாரு முன்மொழியிறீங்க?"

ஒரு கையும் எழவில்லை.

எப்படி எழும்? எல்லோருக்கும் என்னைத் தெரியும், ஒன்றியத்தைத் தெரியும். எவன் முதல் கையைத் தூக்கி மாட்டிக்கொள்வான்? அந்தச் செல்விகூடத் தலையைக் குனிந்துகொண்டாள். பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கிறவர்கள் கை தூக்கக்கூடாது என்று டீச்சர் சொல்லி வைத்திருக்கிறாள் போல. முனீஸ்வரி தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். எங்கே தானாக எழுந்துவிடுமோ என்று. சீனியம்மாள் இன்னொரு தடவை கேட்டாள். "யாரும் இல்லையா?" மூன்றாம் தடவையும் கேட்டுப் பார்த்தாள். அதிகாரி மணியைப் பார்த்தான். கிளார்க்கு நோட்டை மூடப் போனான்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? கோடை மழை பெய்த மாதிரி. பார்த்தாயா, இதுதான் ஊர், இதுதான் அரசாங்கம், உன் பாடப் புத்தகம் இல்லை. அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஒரு வார்த்தை சொல்லி முடித்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. 'ஒன்றியம் தேதி கொடுத்ததும் முறைப்படி திறப்போம், இப்போது எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்' என்று கௌரவமாக. சத்தம் போட்டால் அந்த அதிகாரி மறுபடியும் ஏதாவது சொல்வான். அதனால், சீ, அதைச் சொல்லவே எனக்குக் கூசுகிறது, அந்தப் பிள்ளை சொல்லிக்கொடுத்த மாதிரி கையைத் தூக்கினேன்.

சீனியம்மாள் பார்த்தாள். அவ்வளவு நேரமும் பார்க்காதவள் அப்போது பார்த்தாள்.

"எழுதிக்கோங்க," என்றாள் கிளார்க்கிடம். "முன்மொழிந்தவர், அய்யலுசாமி."

முப்பத்தொரு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கை தட்டினார்கள் அண்ணாச்சி. "நான் அதுக்குத் தூக்கலடா" என்று கத்துகிறேன், எவனுக்குக் கேட்கிறது? நானே கை தூக்கிவிட்டேன் என்றதும் ஊருக்குப் பயம் விட்டுவிட்டது. வழிமொழிகிறேன் என்று பின்னால் ஒரே கையாக எழுகிறது. பொம்பளைகள் எல்லாம் இரண்டு கையையும் தூக்குகிறார்கள். ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். அவளே போட்டாள்.

அவள் தெரியாமல் செய்தாள் என்றா நினைக்கிறீர்கள்? முப்பத்தாறு வருஷமாக என் கை எதற்கு ஓங்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சாவி என் மடியில்தான் இருந்தது. கேட்கவேயில்லை. கடப்பாரையைக் கொண்டுவந்து பூட்டை நெம்பிவிட்டார்கள். ரிப்பன் இல்லை, மேளம் இல்லை, ஒரு மாலை இல்லை. பிள்ளைகள் ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள். என் கல்வெட்டு சுவரோரம் சாத்தியபடியே கிடக்கிறது. இப்போது பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலை அதன்மேல் வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். பதினோரு மாதம் கண்ணாடி மாதிரி வைத்திருந்தேன். போய்ப் பாருங்கள், தரையெல்லாம் ஈரம், சேறு, சின்னச் சின்னக் காலடி. அருவருப்பு.

அன்றைக்குச் சாயங்காலமே ஒன்றியம் போனில் வந்தார். "முன்மொழிஞ்சதே நீதானாம்ல? நல்லாரு அய்யலு, நல்லாரு" என்றார். வைத்துவிட்டார். பிறகு எத்தனை தடவை போட்டாலும் எடுப்பதில்லை. நேரில் போனேன், வாசலிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். சீட்டு போய்விடும் அண்ணாச்சி. அந்தப் பக்கத்தில் என் பெயருக்குக் கோடு விழுந்தால்தான் நான் துரோகி இல்லை என்று காட்ட முடியும்.

ஊர்க்காரர்கள் அதைவிட மோசம். என்னைக் கண்டால் சிரிக்கிறார்கள், கேலியாக இல்லை, நிஜமாகவே. அந்தச் செல்வி பஸ் ஸ்டாப்பில் வந்து கையெடுத்துக் கும்பிட்டு, "மாமா, நீங்க மட்டும் கையத் தூக்கலேன்னா எம்மக இன்னும் தண்ணி குடிக்காமத்தான் கெடந்திருப்பா" என்று சொல்லி, ஒரு பொட்டலம் காரச்சேவு கொடுத்தாள். நான் தொடவில்லை. சீனியம்மாள்தான் தின்றாள், சாவகாசமாக, ஒவ்வொன்றாக.

அவளிடமும் சொல்லிப் பார்த்தேன். நேற்று சோறு சாப்பிடும்போது. "அந்தப் பேரை அடிச்சிரு" என்றேன். "எழுதிக் குடுங்க, சபையில வைக்கிறேன்" என்கிறாள். அதனால்தான் அவளைத் தாண்டி இங்கே பி.டி.ஓ.விடமே கொடுத்துவிடலாம் என்று முதல் பஸ்ஸில் வந்தேன். எழுதுங்கள். பெறுநர், வட்டார வளர்ச்சி அலுவலர்.

ஏன் பேனாவை மூடுகிறீர்கள்?

பி.டி.ஓ.வால் முடியாதா? கிராமசபையில் போட்டதைக் கிராமசபையில்தான் மாற்ற முடியுமா? அடுத்த சபை ஜனவரி இருபத்தாறுதானே. சரி, யாருக்குக் கொடுக்க வேண்டும்?

அவளுக்கா?

ஒரே வீடு அண்ணாச்சி. ஒரே அடுப்பு. இருந்தாலும் மனுவாகத்தான் கொடுக்க வேண்டுமா. காரணம் வேறு எழுத வேண்டுமா? 'பிள்ளைகளுக்குக் கக்கூஸ் திறக்கக் கூடாது என்று சொல்லத்தான் நான் கையைத் தூக்கினேன்.' அது உண்மைதான், ஆனால் அப்படியே எழுத வேண்டுமா? சபையில் வாசிப்பார்களா? முழுவதுமா? அந்தப் பிள்ளைகள் இந்தத் தடவையும் வந்து உட்காருமே. அந்தச் செல்வி இருப்பாளே. நூற்று நாற்பது பேர் முன்னால் கிளார்க்கு இதை நிறுத்தி நிறுத்தி வாசிப்பானா?

இருங்கள். யோசிக்க விடுங்கள்.

இல்லை, எழுதுங்கள். நான் யாருக்கும் நல்லவனாக இருக்க விரும்பவில்லை. சீட்டு முக்கியம். பெறுநர், திருமதி சீனியம்மாள், தலைவர், ஓடைக்கரைப்பட்டி ஊராட்சி. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று பழக்கத்தில் போட்டுவிட்டீர்கள் பாருங்கள். அடித்துவிட்டு 'அம்மா' என்று போடுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள் அண்ணாச்சி. அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இப்போதெல்லாம் முழுசாகப் படிக்காமல் எதையும் வாங்குவதில்லை.